தூரத்துக்கா கூலி? தோளுக்கா?

"வீடு மாற்ற வேண்டுமா? விரலை அசையுங்கள், மற்றதை எங்களிடம் விடுங்கள்!" விளம்பரம் இப்படித்தான் பேசுகிறது. மின்கம்பத்தில் தொங்கும் அட்டை பேசுகிறது. லாரியின் பின்பலகை பேசுகிறது. கைப்பேசித் திரையும் பேசுகிறது. சென்னைப் பட்டணத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் தோழரும் விரலை அசைக்கிறார். அரை மணி நேரத்துக்குள் அரை டஜன் அழைப்புகள் வந்து விழுகின்றன. ஒரு நிறுவனம் ஆறாயிரத்து ஐந்நூறு என்கிறது. இன்னொன்று ஒன்பதாயிரம் என்கிறது. மூன்றாவது நிறுவனமோ பதினாலாயிரம், வரி தனி என்கிறது.

வீடு அதே வீடு. சாமான் அதே சாமான். அம்பத்தூரிலிருந்து பெரம்பூருக்குப் போகும் பாதையும் அதே பாதை. விலை மட்டும் ஏன் மூன்று?

இந்தக் கேள்வியைச் சிறிய கேள்வி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். சொந்த வீடு உள்ளவருக்கு வீடு மாற்றம் வாழ்நாளில் ஓரிரு முறை வரும் விருந்து. வாடகைக் குடித்தனக்காரருக்கோ அது பதினோரு மாத ஒப்பந்தம் முடியும்தோறும் வாசலில் வந்து நிற்கும் வரி. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் மாற வேண்டும். ஆலை இடம் பெயர்ந்தால் மாற வேண்டும். வீட்டுக்காரரின் மகனுக்குத் திருமணம் நிச்சயமானாலும் மாற வேண்டும். புது வீட்டு முன்பணம், தரகர் பங்கு, சுண்ணாம்பு அடித்த செலவு என்று பழைய வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட தொகை, இத்தனைக்கும் மேலே வந்து உட்காருகிறது இந்த லாரிச் செலவு. மாதச் சம்பளத்தில் பாதியை ஒரே பகலில் விழுங்கிவிடக்கூடிய செலவு அது. ஆகவே அதன் கணக்கை அவிழ்த்துப் பார்ப்பது நம் கடமை என்று கருதுகிறோம்.

கிலோமீட்டர் எனும் மாயை

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிய வைப்போம். "பத்து கிலோமீட்டர்தானே, இதற்கா இவ்வளவு?" நம்மில் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வியே பிழை. உள்ளூர் வீடு மாற்றத்தில் விலையைத் தீர்மானிப்பது தூரம் அல்ல.

சிறிய சரக்கு வண்டி ஒன்று பத்து கிலோமீட்டர் ஓடச் சுமார் ஒரு லிட்டர் டீசல் போதும். போய்த் திரும்பினாலும் இரண்டு லிட்டர். பட்டணத்து நெரிசலில் ஊர்ந்து சென்றாலும் ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம். ஆனால் வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் மாலை மூன்று மணிக்குத்தான் முடிகிறது. மிச்ச நேரமெல்லாம் எங்கே போயிற்று? பாத்திரத்தைத் தாளில் சுற்றுவதில் போயிற்று. கட்டிலைக் கழற்றுவதில் போயிற்று. பீரோவை மாடி வளைவில் திருப்புவதில் போயிற்று. மூட்டையைத் தோளில் ஏற்றிப் படியிறங்கி, லாரியில் அடுக்கி, மறுபடி இறக்கி, மறுபடி படியேறுவதில் போயிற்று.

சென்னையிலிருந்து டில்லிக்குச் சாமான் போனால் சாலை விலை பேசும். அம்பத்தூரிலிருந்து பெரம்பூருக்குப் போனால் படிக்கட்டு விலை பேசும்! உள்ளூர் மாற்றத்தின் விலை என்பது மனிதத் தசையின் விலை. மனித நேரத்தின் விலை. இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிச்சுகள் தாமே அவிழும்.

விலையின் ஐந்து கால்கள்

விலை ஐந்து கால்களில் நிற்கிறது. அவை வண்டி, ஆள், படி, கட்டு, நாள்.

முதற்கால் வண்டி. நம் தெருக்களில் 'குட்டி யானை' என்று பேர் வாங்கிய டாட்டா ஏஸ் வண்டி 2005-இல் சந்தைக்கு வந்தது. முக்கால் டன் அளவுக்குச் சுமக்கும் அந்தக் குட்டி வண்டி, அகலமில்லாத சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். ஒற்றை அறைக் குடித்தனத்துக்கு அது போதும். இரண்டு படுக்கையறை உள்ள குடும்பம் என்றால், பீரோ இரண்டு, கட்டில் இரண்டு, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், சோபா என்று சாமான் பெருகுகிறது; அப்போது பதினான்கு அடி லாரி வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வீட்டுச் சாமான் எடையால் லாரியை நிரப்புவதில்லை, இடத்தால் நிரப்புகிறது. மெத்தைக்கு எடை இல்லை. ஆனால் லாரியில் பாதிச் சுவரை அடைக்கும். எனவே நிறுவனம் பார்ப்பது கிலோவை அல்ல, கன அடியை. சிறிய வண்டியைச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டு, பிறகு "இரண்டாவது நடை போக வேண்டும்" என்று கூடுதல் கேட்பது இந்தத் தொழிலில் பழகிப்போன வித்தை.

இரண்டாம் கால் ஆள். இரண்டு பேரா, நான்கு பேரா? இதுதான் விலையின் முதுகெலும்பு. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்ல இருக்கிறோம்.

மூன்றாம் கால் படி. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி என்றால் ஏறக்குறைய அறுபது படிகள். பெட்டியும் மூட்டையும் நாற்காலியுமாக எண்பது உருப்படிகள் இருப்பதாகக் கொள்வோம். எண்பது நடை. ஒவ்வொரு நடைக்கும் அறுபது படி. கூட்டிப் பாருங்கள், நாலாயிரத்து எண்ணூறு படிகள்! அத்தனையும் சுமையோடு ஏற வேண்டிய படிகள்! வெறுங்கையோடு இறங்கும் படிகளை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாடிக்கூலி கேட்டால் முகம் சுளிக்கும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். லாரி வாசல்வரை வர முடியாத சந்து என்றால் அந்த நடைக்கும் ஒரு விலை உண்டு.

நான்காம் கால் கட்டு. அட்டைப்பெட்டி, குமிழித்தாள், நெளி அட்டை, பிளாஸ்டிக் சுற்றுத்தாள், பழைய கம்பளி. இவை இல்லாமல் கண்ணாடியும் பீங்கானும் முழுதாய்ப் போய்ச் சேரா. குளிர்சாதன இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது தனி வேலை. அதற்குத் தனி ஆள், தனிக் கூலி. முன்புறக் கதவு கொண்ட சலவை இயந்திரத்தின் உள்ளே ஆட்டத்தை அடக்குவதற்காகக் கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் அது அறுபது கிலோவுக்கும் மேல் கனக்கும். வாங்கும்போது கூட வந்த பெரிய திருகாணிகளைப் பூட்டாமல் அதை லாரியில் ஏற்றினால் உள்ளிருக்கும் உருளை ஆடிக் கெட்டுவிடும். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்ற சொல்லில் இவற்றில் எவையெல்லாம் சேர்த்தி, எவையெல்லாம் தனி? கேட்காதவர் பிறகு கொடுக்கிறார்.

ஐந்தாம் கால் நாள். மாதக் கடைசியும் மாத முதலும் எல்லாக் குடித்தனமும் ஒரே நேரத்தில் இடம் பெயரும் நாட்கள். மே மாதம் பள்ளி விடுமுறை; அப்போதும் நெரிசல். ஞாயிற்றுக்கிழமைக்கும் கிராக்கி. முகூர்த்த நாளுக்கோ கேட்கவே வேண்டாம்! "நல்ல நேரம் ஏழரை முதல் ஒன்பது, அதற்குள் பால் காய்ச்ச வேண்டும்" என்று ஊரே ஒரே நேரத்தில் லாரிக்கு நின்றால் லாரிக்காரர் என்ன செய்வார்? பஞ்சாங்கத்தை நாம் பார்க்கிறோம், நல்ல நேரம் அறிய. நிறுவனமும் அதே பஞ்சாங்கத்தைப் பார்க்கிறது, விலையை ஏற்ற! ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்று பலர் ஒதுங்கி நிற்பதால் லாரிகள் ஓய்ந்து கிடக்கும். ஆடி மாதத்தில், மாத நடுவில், ஒரு புதன்கிழமை வீடு மாற்றத் துணிந்தவருக்குத்தான் சந்தை இறங்கி வருகிறது. பகுத்தறிவுக்குப் பணமும் மிச்சமாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்று விலை பிறக்கும் முறை

ஐந்து கால்களையும் பார்த்தாயிற்று. ஆனாலும் மூன்று நிறுவனத்துக்கும் அதே ஐந்து கால்கள்தானே? பிறகு ஏன் மூன்று விலை?

காரணம் ஒன்று: பெரும்பாலோர் வீட்டைப் பார்க்காமலே விலை சொல்கிறார்கள். "இரண்டு படுக்கையறையா? சரி, இவ்வளவு." இரண்டு படுக்கையறை வீட்டில் நாலு பாயும் இரண்டு பெட்டியும் மட்டும் வைத்து வாழும் குடும்பமும் உண்டு, புத்தக அலமாரி மட்டும் ஆறு வைத்திருக்கும் ஆசிரியரும் உண்டு. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் அது மதிப்பீடு அல்ல, குருட்டுச் சீட்டு.

காரணம் இரண்டு: நீங்கள் விரலை அசைத்தீர்களே, அந்த விசாரணையே ஒரு சரக்கு. விசாரணை திரட்டும் தளங்கள் உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்கு விற்கின்றன. அரை மணியில் அரை டஜன் அழைப்பு வந்த மர்மம் இதுதான். வாங்கிய காசை மீட்க வேண்டும், போட்டியில் முந்த வேண்டும். ஆகவே முதலில் சொல்லும் விலை உங்களைப் பிடிப்பதற்கான தூண்டில் விலை. வேலையை முடிப்பதற்கான விலை அன்று.

காரணம் மூன்று: தூண்டிலை விழுங்கியபின் நடப்பது. சாமான் முழுவதும் லாரியில் ஏறிய பிறகு, அல்லது புது வீட்டு வாசலில் லாரி வந்து நின்ற பிறகு, பேச்சு மாறுகிறது. "தையல் இயந்திரம் பட்டியலில் இல்லையே!" "மின்தூக்கி வேலை செய்யவில்லையே!" "லாரி உள்ளே வராது என்று நீங்கள் சொல்லவில்லையே!" ஒவ்வொரு "இல்லையே"க்கும் ஐந்நூறு, ஆயிரம். உங்கள் அடுப்பும் அரிசியும் குழந்தையின் பள்ளிப் பையும் அந்த லாரிக்குள். பேரம் பேசும் வலிமை முழுவதும் லாரிக் கதவுக்கு வெளியே இருப்பவரிடமிருந்து உள்ளே இருப்பவருக்குப் போய்விட்டது. பேரம் என்பது இரண்டு பேர் சமமாக நின்று பேசுவது. ஒருவர் கையில் மற்றவரின் குடித்தனமே சிக்கியிருக்கும்போது நடப்பது பேரம் அல்ல, பறிமுதல்.

எல்லா நிறுவனமும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்து, சொன்ன விலைக்குச் சொன்னபடி செய்து, குடும்பத்தோடு நட்பாகிப் போகிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் நாணயமாக விலை சொல்பவரின் விலை உயரமாகத் தெரிகிறது. தூண்டில் போடுபவரின் விலை தாழ்வாகத் தெரிகிறது. நாம் தாழ்ந்த விலையைப் பிடித்துக்கொள்கிறோம். நாணயம் தோற்கிறது, தந்திரம் வெல்கிறது. இந்தச் சந்தையை இப்படிக் கெடுப்பதில் நம் அவசரத்துக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் எப்படி?

இந்த இழுபறி நம் ஊருக்கு மட்டும் உரியதா என்று பார்த்தால், இல்லை. பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே தொல்லை இருந்தது, இருக்கிறது. அங்கே என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்?

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் நெடுந்தூர மாற்றத்துக்கு அங்கே பெரும்பாலும் எடையையும் தூரத்தையும் வைத்து விலை போடுகிறார்கள். உள்ளூர் மாற்றத்துக்கோ மணிக்கணக்கு. 'இத்தனை ஆள், ஒரு லாரி, மணிக்கு இவ்வளவு' என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பார்த்தீர்களா? உள்ளூர் மாற்றத்தில் விலை என்பது ஆளும் நேரமும்தான் என்று நாம் சொன்னதை அந்த நாட்டுச் சந்தையே ஒப்புக்கொள்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் ஓட்ட நேரத்தையும் இரட்டித்து மணிக்கணக்கிலேயே சேர்க்கிறார்கள், லாரி திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக. தூரம்கூட அங்கே நேரமாக மாறிவிடுகிறது.

மணிக்கணக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. மெல்ல வேலை செய்தால் தொகை ஏறும். அதற்குத்தான் அதே கலிபோர்னியாவில், "இந்தத் தொகைக்கு மேல் போகாது" என்ற உச்ச வரம்பை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் மாற்றத்தில், மதிப்பீடு உறுதியற்றதாக இருந்தாலும், இறக்கும் இடத்தில் மதிப்பீட்டின் 110 விழுக்காட்டுக்கு மேல் கேட்டுச் சாமானைப் பிடித்துவைக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு மைய அரசின் விதி. விதி இருந்தும் மோசடி அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஏமாந்தவர் எதைச் சுட்டிக்காட்டுவது என்பதற்கு ஒரு தாள் இருக்கிறது. நாம் கேட்பதும் அந்தத் தாளைத்தான்!

காப்பீடு என்னும் மூன்று விழுக்காடு

இனி நம் ஊர்த் தாளைப் பார்ப்போம். மதிப்பீட்டுச் சீட்டின் அடியில் ஒரு வரி இருக்கும்: "காப்பீடு, சாமான் மதிப்பில் 3 விழுக்காடு." இரண்டு லட்சம் மதிப்புச் சாமானுக்கு ஆறாயிரம்! சில நேரம் லாரிக் கூலிக்குச் சமமாக வந்து நிற்கும் தொகை. கொடுத்தவர் தம் சாமான் காப்பீட்டு நிறுவனத்தில் பதிவாகிவிட்டது என்று நம்புகிறார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "பாலிசி எண் என்ன? எந்தக் காப்பீட்டு நிறுவனம்?" பதில் வராவிட்டால், கொடுத்த பணம் காப்பீட்டுக்குப் போகவில்லை என்றே பொருள். லாரி நிறுவனம் தானே தரும் வாய்ச்சொல் வேறு. காப்பீட்டு நிறுவனம் தரும் பாலிசி வேறு.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையர் ஆட்சியில் 1865-இல் வந்த சுமப்போர் சட்டத்தை நீக்கி, 2007-இல் சாலைவழிச் சரக்குச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பொதுமக்களின் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்குப் பதிவு வேண்டும் என்கிறது அது. சாமான் சேதமானால், பெரிய மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தாலொழிய, நிறுவனத்தின் பொறுப்பு செலுத்திய சரக்குக் கூலியின் பத்து மடங்கு வரை என்று அதன் விதிகள் வரம்பு வைக்கின்றன. எட்டாயிரம் சரக்குக் கூலி என்றால் எண்பதாயிரம் வரை. ஆகவே "உடைந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று சீட்டில் சிறு எழுத்தில் அச்சடித்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். வழக்குத் தொடுக்கும் முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இந்த நாட்கணக்கை மறந்தவரின் வழக்கு வாசலிலேயே விழும்.

அடுத்தது வரி. "பில் வேண்டுமென்றால் 18 விழுக்காடு கூடும், வேண்டாமென்றால் கையில் கொடுங்கள்" என்பார்கள். கட்டி, ஏற்றி, இறக்கித் தரும் முழு வேலைக்குப் பில் போடும் நிறுவனங்கள் வழக்கமாகச் சேர்க்கும் ஜி.எஸ்.டி. அது. பில்லை விட்டவர் வரியை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை; கூலி எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கான சான்றையும் விட்டுவிட்டார். சான்று இல்லாதவருக்குப் பத்து மடங்கு எதில் பத்து மடங்கு? பில்லில் உள்ள பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணை அரசுத் தளத்திலேயே சரிபார்க்கலாம். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். வரியும் வாங்கிக்கொண்டு போலி எண் தருபவரை அங்கேயே பிடித்துவிடலாம்.

குறைந்த விலை எங்கே குறைகிறது?

இப்போது நாம் ஒத்திவைத்த இரண்டாவது காலுக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இது சந்தை விலைப்பட்டியல் அல்ல. விளங்குவதற்காக நாமாக வைத்துக்கொண்ட எண்கள். மொத்த விலை ஒன்பதாயிரம். அதில் லாரிக்கு 2,500. நான்கு ஆட்களுக்குத் தலைக்கு 900 வீதம் 3,600. அட்டை, தாள், கயிறு 1,000. நிறுவனத்துக்கு 1,900. ஆக ஒன்பதாயிரம்.

பக்கத்து நிறுவனம் ஆறாயிரத்து ஐந்நூறு என்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு எங்கே குறைந்தது? லாரி வாடகை குறையாது, டீசல் போடுபவர் தள்ளுபடி தருவதில்லை. நிறுவனம் தன் 1,900-ஐ விடாது. அதற்காகத்தானே கடை திறந்திருக்கிறது! எனவே இரண்டு ஆட்களை நிறுத்திவிடுகிறது: 1,800 மிச்சம். அட்டையிலும் தாளிலும் 700 மிச்சம். ஆயிற்று, ஆறாயிரத்து ஐந்நூறு! நான்கு பேர் தூக்க வேண்டியதை இரண்டு பேர் தூக்குகிறார்கள். உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி நிறுவனத்தின் பையிலிருந்து வரவில்லை; இரண்டு தொழிலாளிகளின் முதுகெலும்பிலிருந்து வந்தது. மிஞ்சியது உங்கள் கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து வந்தது.

ஒரு வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. நம் படிக்கட்டுகளில் என்ன காண்கிறோம்? அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் இயந்திரத்தைத் தலையிலும் முதுகிலும் ஏற்றி, கயிற்றை நெற்றியில் பூட்டி, ஒற்றை ஆளாய் மூன்று மாடி ஏறுகிறான் ஒருவன். பார்த்து வியக்கிறோம், "என்ன பலம்!" என்று. அது பலம் அல்ல, தோழர்களே! அது பறிபோன கூலி. உடன் நிற்க வேண்டிய இரண்டாவது ஆளின் கூலி.

விழுந்தால்? இடுப்புப் பிடித்தால்? விரல் நசுங்கினால்? பெரும்பாலும் அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அன்றைய தினத்துக்கு அழைத்து வரப்பட்டவர். நிறுவனம் ஒரு ஒப்பந்தக்காரரைக் காட்டும், ஒப்பந்தக்காரர் ஒரு மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி கையை விரிப்பார். சாமானுக்கு மூன்று விழுக்காடு காப்பீடு பேசும் சீட்டில், சாமானைச் சுமக்கும் மனிதருக்கு ஒரு வரி கிடையாது! பீங்கானுக்கு உள்ள பாதுகாப்பு எலும்புக்கு இல்லை.

தமிழ்நாட்டில் 1982-இலேயே உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சுமை ஏற்றி இறக்குவோர் அதன் நிழலில் வருகிறார்கள். நலவாரியத்தில் பதிவு செய்துகொண்டவருக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புதவி, முதுமையில் ஓய்வூதியம் என்று சில வழிகள் உண்டு. ஆனால் இன்று இந்தத் தெரு, நாளை அந்தத் தெரு என்று அலைபவருக்கு, வேலை கொடுத்தவர் யார் என்பதே தெரியாதவருக்கு, பதிவு எழுதிக் கொடுப்பது யார்? சட்டம் இருக்கிறது, சட்டத்தின் வாசல்வரை அவரை அழைத்துச் செல்லும் கைதான் குறைவு.

வீடு மாறுபவர் ஒரு தொழிலாளி. சாமான் தூக்குபவர் இன்னொரு தொழிலாளி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "மாடிக்கூலி அநியாயம்" என்கிறார் முன்னவர், "கொடுக்க மனமில்லை" என்கிறார் பின்னவர். விலையை எழுதியவர் இருவருக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறார். மாடிக்கூலி என்று வாங்கிய ஆயிரத்தில் மாடி ஏறியவர் கைக்கு எவ்வளவு போயிற்று என்று எவர் கேட்டார்?

நாம் செய்ய வேண்டியது

குறை சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது நம் வழக்கமல்ல. வீடு மாற்றும் தோழர்களுக்கு நாம் சொல்வது இது.

உங்கள் சாமானை நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு விளக்குமாறு விடாமல் எழுதுங்கள். பழைய வீடு எத்தனையாவது மாடி, புது வீடு எத்தனையாவது மாடி, மின்தூக்கி உண்டா, லாரி வாசல்வரை வருமா, நான்கையும் எழுதுங்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கைப்பேசியில் வீடு முழுதும் படம் பிடித்து அனுப்புங்கள். "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த அளவு லாரி, எத்தனை ஆள், மாடிக்கூலி உள்ளா வெளியா, கட்டும் சாமான் யாருடையது, இதற்கு மேல் போகாத தொகை எது என்று ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் எழுத்து எழுத்துதான். முழுத் தொகையையும் முன்னால் கொடுக்காதீர்கள். சாமான் இறங்கி எண்ணிப் பார்த்த பின் கொடுங்கள். தங்கத்தையும் பத்திரத்தையும் பள்ளிச் சான்றிதழையும் உங்கள் கையிலேயே கொண்டு செல்லுங்கள்.

ஏமாற்றப்பட்டால் அழைக்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் முறையீட்டுக் கட்டணமும் இல்லை.

விலை பேசும்போது ஒரு சொல் கூடுதலாகப் பேசுங்கள்: "நான்கு ஆள் வர வேண்டும்." அந்த ஒரு சொல் உங்கள் பீரோவையும் காக்கும், ஒரு மனிதரின் முதுகையும் காக்கும். இறக்கி முடித்த பின் டீக்காசு கொடுப்பது நல்ல பண்பு. ஆனால் டீக்காசு கூலிக்கு ஈடாகாது.

கிளைத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பகுதியில் சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்ட லாரிக்காரர்கள் யார், நியாயக்கூலி கொடுத்து ஆள் அழைத்து வருபவர்கள் யார் என்பது வீடு மாறியவர்களுக்குத் தெரியும். விசாரித்து, படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதி வையுங்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுக்க இயலாத நாணயக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. தெருமுனையில் லாரிக்காகக் காத்து நிற்கும் சுமைத் தொழிலாளரிடம் நலவாரிய விண்ணப்பத்தைக் கொண்டு போங்கள். உடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். ஒரு மாலைப் பொழுதில் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

அரசுக்கு நாம் சொல்வதும் சுருக்கமானதே. உள்ளூர் வீடு மாற்றத்துக்கு எழுத்து மூலமான உச்ச வரம்பைக் கட்டாயமாக்குங்கள். மதிப்பீட்டுச் சீட்டில் ஆட்களின் எண்ணிக்கையும் அவர்கள் கூலியும் தனி வரியாக நிற்கட்டும். அந்த ஒரு வரி வந்துவிட்டால், தள்ளுபடி யாருடைய தோளிலிருந்து வெட்டப்படுகிறது என்பது எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புலப்படும்.

சாலைக்குக் கூலி சிறிது; தோளுக்குக் கூலி பெரிது. தோளுக்கென்று வாங்கும் பணம் தோளுக்கே போய்ச் சேரட்டும்!